ரூத் கிராஃபோர்ட் சீகர்: ஒரே செவி, இரண்டு இசை



பீட் சீகர் என்ற பெயரை இந்த அரங்கில் பலரும் கேட்டிருப்பீர்கள். தோளில் பாஞ்சோவை மாட்டிக்கொண்டு கூட்டத்தையே தன்னோடு பாடவைத்த அமெரிக்கர். ‘வி ஷல் ஓவர்கம்’ பாட்டை உலகெங்கும் கொண்டுசென்றவர்களில் ஒருவர். நாட்டார் இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அவருடைய தம்பி மைக் சீகரையும் தங்கை பெகி சீகரையும் தெரிந்திருக்கும். பீட்டுக்குச் சிற்றன்னை, மைக்குக்கும் பெகிக்கும் பெற்ற தாய், ரூத் கிராஃபோர்ட் சீகர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தாயை அறிமுகம் செய்ய நேர்வது எனக்கு வருத்தம் தருகிறது. 1931இல் அவர் எழுதி முடித்த ஸ்ட்ரிங் குவார்டெட் ஒன்றே போதும், இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசையின் முதல் வரிசையில் அவரை உட்காரவைக்க. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நான்கு தந்தி வாத்தியங்களுக்கான அந்தப் படைப்பை எழுதியபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. அதற்குப் பின் ஓரிரு ஆண்டுகள் எழுதினார். பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த வகை இசையைத் தொடவேயில்லை என்று சொல்லலாம்.

இந்த இருபது ஆண்டுகளை வைத்து இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. திருமணமும் குழந்தைகளும் ஒரு மேதையை விழுங்கிவிட்டன என்பது முதல் கதை. அவர் உயர்குடிகளின் இசையைத் துறந்து மக்களிடம் வந்து சேர்ந்தார், நாட்டுப்பாடல்களின் தாயானார் என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் அவருடைய வாழ்க்கையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியைத் தள்ளிவைக்கின்றன. குவார்டெட்டை எழுதிய செவியும், கென்டக்கி மலைநாட்டுப் பாடகரின் குரலைக் கேட்டுக் குறிப்பெடுத்த செவியும் ஒன்றே என்று நான் நினைக்கிறேன். அதே சமயம், அவர் எழுதாமல் போன இசை நமக்கு இழப்புதான். அந்த இழப்பை அழகாக்கிச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

1901 ஜூலை 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் லிவர்பூல் ஊரில் பிறந்தார். தந்தை மெத்தடிஸ்ட் சபைப் போதகர். போதகர் வேலையில் ஊர் ஊராக மாற்றல் உண்டு. கடைசியில் குடும்பம் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லுக்கு வந்தது. 1914இல் தந்தை காசநோயில் இறந்தார். தாய் கிளாரா வீட்டைத் தங்கும் விடுதியாக்கிப் பிழைப்பு நடத்தினார். பிள்ளைக்குப் பியானோ வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. ஊரிலேயே இசை ஆசிரியையாகிவிடலாம் என்ற எண்ணத்தோடு, சான்றிதழ் வாங்குவதற்காக 1921இல் ரூத் சிகாகோவின் அமெரிக்கன் கன்சர்வேட்டரியில் சேர்ந்தார். ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். திரும்பவில்லை.

சிகாகோவில் அடால்ஃப் வைடிக் என்ற ஆசிரியர் அவருக்கு இசையமைப்பின் இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்தார். பியானோவுக்கு அமைந்த ஆசிரியை ஜேன் லவா-ஹெர்ஸ், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் பக்தை. அந்த வீட்டில் தியாசபி பேசினார்கள், கீழை நாட்டுத் தத்துவம் பேசினார்கள். அங்கே வந்துபோன டேன் ருத்யார் என்ற இசையமைப்பாளர் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். ‘ருத்ர’ என்ற சொல்லிலிருந்து தன் பெயரைத் தானே அமைத்துக்கொண்டவர். நம் அடையாற்றில் தலைமையகம் கொண்ட தியாசபி இயக்கத்தின் சிந்தனை சிகாகோ வரவேற்பறை ஒன்றில் ஓர் இளம் பெண்ணின் இசைக்குள் நுழைந்த வழி இது. ரூத் 1924 முதல் 1928 வரை எழுதிய ஒன்பது பியானோ பிரெலூட்களில் அந்த மூட்டமும் தவிப்பும் கேட்கின்றன.

சிகாகோவில் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கின் மகள்களுக்கு அவர் பியானோ கற்றுக்கொடுத்தார். சாண்ட்பர்க் நாட்டுப்பாடல் சேகரிப்பவரும்கூட. 1927இல் அவர் வெளியிட்ட ‘அமெரிக்கன் சாங்பேக்’ தொகுப்பில் சில பாடல்களுக்குப் பியானோ பக்கவாத்தியம் எழுதியவர் ரூத். நாட்டுப்பாடல் அவர் வாழ்வில் திருமணத்துக்குப் பிறகு கணவர் வழியாக வந்து சேர்ந்த பொருள் என்று எழுதுகிறவர்கள் இந்த 1927ஐ மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து ஹென்றி கவெலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பியானோ கட்டைகளை முழங்கையால் அழுத்தி, உள்ளே கைவிட்டுத் தந்திகளை மீட்டிய கலகக்காரர். சென்னைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பின்னாளில் அவர் எழுதிய பதின்மூன்றாவது சிம்பொனிக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர். 1959இல் இந்த நகரத்தில்தான் அது முதன்முதலில் வாசிக்கப்பட்டது. புதிய இசையை அச்சிடுவதற்கென்றே அவர் ‘நியூ மியூசிக்’ என்ற காலாண்டிதழை நடத்தினார். 1928இல் ரூத்தின் பிரெலூட்களில் நான்கை அதில் வெளியிட்டார். 1929இல் நியூயார்க் வந்த ரூத்தைத் தன் பழைய ஆசான் சார்ல்ஸ் சீகரிடம் அனுப்பியவரும் அவரே.

சார்ல்ஸ் சீகருக்குப் பெண்கள் இசையமைப்பதில் நம்பிக்கை கிடையாது. கவெல் வற்புறுத்தியதால்தான் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார். 1930இல் நடந்த ஒரு சம்பவத்தை ரூத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜூடித் டிக் பதிவு செய்திருக்கிறார். புதிய இசைக்குப் புரவலராக இருந்த பிளான்ச் வால்டன் என்ற அம்மையாரின் நியூயார்க் வீட்டில்தான் ரூத் தங்கியிருந்தார். அதே வீட்டில் இசையியலுக்கென ஒரு சங்கம் தொடங்கக் கூடினார்கள், எல்லோரும் ஆண்கள். ரூத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தள்ளுகதவை இழுத்துச் சாத்திவிட்டார்கள். அவர் அடுத்த அறையில் அமர்ந்து கதவின் வழியே கேட்டுக்கொண்டிருந்தார். இசையியல் பெண்கள் சமாச்சாரம் என்று உலகம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தோம் என்று சார்ல்ஸ் பிற்காலத்தில் காரணம் சொன்னார்.

அந்தச் சார்ல்ஸிடம் ரூத் கற்றது என்ன? அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய இசைக்குள் நுழைய அதுதான் வாசல்.

சுரங்களுக்கு இடையே உள்ள உறவை இணை, கிளை, நட்பு, பகை என்று நம் பழைய இசை நூலார் வகுத்தார்கள். சிலப்பதிகார உரைகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். நம் மரபில் ஒரு நேரத்தில் ஒரு மெட்டு ஓடுகிறது, அடியில் சுருதி நிற்கிறது. மேற்கத்திய மரபில் பல மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும். அவை ஒன்றோடொன்று எங்கே இணங்க வேண்டும், எங்கே முரணலாம் என்பதற்கு நூற்றாண்டுகளாக வளர்ந்த இலக்கணம் உண்டு. பகைச் சுரங்கள் சந்திக்கலாம். ஆனால் அதற்கு முன்னேற்பாடு வேண்டும், சந்தித்தவுடன் நட்புச் சுரத்தில் வந்து இறங்கியாக வேண்டும். சார்ல்ஸ் சீகர் இந்த இலக்கணத்தை அப்படியே புரட்டிப்போட்டார். பகைதான் இயல்பு; நட்பு வந்தால் அதற்குத்தான் முன்னேற்பாடும் விடுதலையும் தேவை. சுரத்தோடு நிற்காமல் தாளத்துக்கும் ஒலியின் உரப்புக்கும் இந்த விதியை நீட்டிப் பார்த்தார். இரண்டு குரல்கள் ஒரே தாளத்தில் நடந்தால் அது நட்பு, வெவ்வேறு நடையில் போனால் பகை. ஒருவர் ஓங்கும்போது மற்றவரும் ஓங்கினால் நட்பு, ஒருவர் ஓங்க மற்றவர் தணிந்தால் பகை.

சார்ல்ஸிடம் இது கோட்பாடாக இருந்தது. அதை எழுதத் தொடங்கிய நூலும் பல ஆண்டுகள் முடியாமல் கிடந்தது. அந்த நூலுக்கு ரூத்தின் உழைப்பும் சென்றது. இந்தக் கோட்பாட்டில் உயிருள்ள இசை சாத்தியம் என்று காட்டியவர் மாணவிதான். ‘டயஃபோனிக் சூட்’ என்ற வரிசை, ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல் நீளும் ‘ஸ்டடி இன் மிக்ஸ்டு ஆக்சென்ட்ஸ்’ என்ற பியானோ துண்டு, இவையெல்லாம் 1930இல் பிறந்தவை. அந்தப் பியானோ துண்டில் இரண்டு கைகளும் ஒரே வரியைத்தான் வாசிக்கின்றன. இடைவிடாத வேகச் சுரங்கள். அவற்றின் மேல் அழுத்தங்கள் மட்டும் எதிர்பாராத இடங்களில் விழுகின்றன. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

அதே 1930இல் அவருக்கு குகன்ஹைம் நல்கை கிடைத்தது. இசையமைப்புக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். பெர்லினுக்குப் போனார். அங்கே ஆர்னால்ட் ஷோன்பெர்க் இருந்தார். இளம் இசையமைப்பாளர்கள் அவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்த காலம். ரூத் அவரிடம் மாணவியாகச் சேரவில்லை. வியன்னாவில் இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க்கையும், புடாபெஸ்டில் இசையமைப்பாளர் பேலா பார்டோக்கையும் சந்தித்தார். மற்றபடி தனியாக அமர்ந்து எழுதினார். தன் வழி எதுவென்று அவருக்கு அப்போது தெரிந்திருந்தது.

அப்படிப் பிறந்த குவார்டெட்டின் கடைசி இரண்டு பகுதிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மூன்றாம் பகுதி, ஆண்டாந்தே. அதில் வழக்கமான பொருளில் மெட்டு கிடையாது. நான்கு வாத்தியங்களும் நீண்ட சுரங்களைப் பிடித்து நிற்கின்றன, பெரும்பாலும் ஒன்றோடொன்று நெருக்கியடித்தபடி. ஒவ்வொன்றும் மெல்ல ஓங்கித் தணிகிறது. ஆனால் ஓங்கும் நேரம் நான்குக்கும் வேறு வேறு. வியோலா உச்சம் தொடும்போது செல்லோ தணிந்துகொண்டிருக்கும். செல்லோ எழும்போது வயலின் பின்வாங்கும். எது உச்சத்தில் இருக்கிறதோ அதுவே அந்தக் கணத்தில் காதில் விழும் சுரம். அந்த உச்சங்களைத் தொடர்ந்து போனால் ஒரு மெட்டு கேட்கிறது. அந்த மெட்டை எந்த ஒரு வாத்தியமும் வாசிக்கவில்லை. நான்கு பேருக்கு நடுவே அது உருவாகிறது.

ஒலியின் உரப்பு என்பது அதுவரை மேற்கத்திய இசையில் மெட்டுக்குப் பூசும் வண்ணமாக இருந்தது. இங்கே உரப்பே மெட்டாகிவிட்டது. சுரத்தைப் போலவே ஒலியளவையும் ஒழுங்குபடுத்தி இசை அமைக்கலாம் என்று ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் தீவிரமாக முயன்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். அவர்களில் ஒருவரான மெஸ்ஸியான் அத்தகைய புகழ்பெற்ற பியானோ படைப்பை எழுதியது 1949இல். ரூத்தின் ஆண்டாந்தே அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் மூத்தது. ரூத்திடமிருந்து மெஸ்ஸியான் கற்றார் என்று நான் சொல்லவில்லை. முதலில் வந்தவர் யார் என்பது மட்டும் பதிவில் இருக்க வேண்டும்.

நான்காம் பகுதி வேறு மாதிரி. முதல் வயலின் ஒரு பக்கம், மற்ற மூன்றும் இன்னொரு பக்கம். வயலின் ஒரே ஒரு சுரம் வாசித்து நிறுத்துகிறது. அடுத்து இரண்டு. அடுத்து மூன்று. இப்படி இருபதைத் தொடும்வரை வளர்கிறது. மறுபக்கம் மற்ற மூன்று வாத்தியங்களும் மியூட் செருகி, ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கின்றன. அவை இருபது சுரங்களில் தொடங்கி, பத்தொன்பது, பதினெட்டு என்று ஒன்று வரை குறைகின்றன. நம் தாள இலக்கணத்தில் இதற்குப் பெயர்கள் உண்டு. ஆறுபோல விரிந்துகொண்டே போவது ஸ்ரோதோவஹ யதி, பசுவின் வால்போல ஒடுங்கிக்கொண்டே வருவது கோபுச்ச யதி. ரூத்துக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு யதிகளையும் ஒரே நேரத்தில், எதிரெதிரே ஓடவிட்டிருக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. கீழ்வரியின் சுரங்கள் பத்துச் சுரம் கொண்ட ஒரே வரிசையிலிருந்து வருகின்றன. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று இரண்டாவது சுரத்தில் தொடங்கும், அதற்கடுத்தது மூன்றாவதில். பகுதியின் நடுவில், வயலின் இருபதைத் தொட்டு மற்றவை ஒன்றில் வந்து நிற்கும் இடத்தில், எல்லாம் ஒரு கணம் நிற்கிறது. பிறகு முழுவதும் அரைச் சுரம் உயர்த்தப்பட்டுப் பின்னிருந்து முன்னாக ஓடத் தொடங்குகிறது. வயலின் ஒடுங்கி ஒடுங்கி ஒற்றைச் சுரத்துக்குத் திரும்புகிறது, மற்றவை பெருகுகின்றன.

தாளில் பார்த்தால் இது கணிதம். காதில் கேட்டால் இரண்டு தரப்பினரின் வாக்குவாதம். ஒருவர் துணிந்து பேசப் பேச மற்றவர்கள் அடங்கிப்போகிறார்கள், பிறகு நிலைமை தலைகீழாகிறது. சாத்திய கதவுக்கு மறுபுறம் அமர்ந்து கேட்டவர் இதை எழுதினார் என்பது எனக்கு நினைவு வராமல் போவதில்லை. அவர் அதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நிறுவ என்னால் முடியாது; கேட்கும்போது எனக்கு அப்படித் தோன்றுகிறது, அவ்வளவே.

நல்கையை நீட்டித்துத் தரவில்லை. 1931 இறுதியில் ஊர் திரும்பினார். 1932இல் சார்ல்ஸ் சீகரை மணந்தார். சாண்ட்பர்க்கின் கவிதைகளுக்கு இசையமைத்த ‘மூன்று பாடல்கள்’ 1933இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச சமகால இசை விழாவில் ஒலித்தன. அதே 1933இல் நியூயார்க்கில் குவார்டெட் அரங்கேறியது. ஆண்டாந்தே பகுதியைக் கவெல் இசைத்தட்டாக வெளியிட்டார். அவருடைய இசைத்தட்டு வரிசையில் அதுவே முதல் வெளியீடு. முழு குவார்டெட் அச்சில் வரவோ 1941 ஆயிற்று.

பொருளாதார வீழ்ச்சியின் ஆண்டுகள் அவை. ரொட்டிக்காக மக்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள். சார்ல்ஸும் ரூத்தும் இடதுசாரி இசைக்கலைஞர்களோடு சேர்ந்தார்கள். மரண தண்டனை பெற்ற தொழிலாளர் போராளிகள் சாக்கோ, வான்செட்டியைப் பற்றியும், சலவைக்கடையில் உழைத்து மாயும் சீனக் குடியேறி ஒருவரைப் பற்றியும் ரூத் இரண்டு பாடல்களை 1932இல் எழுதினார். சொற்கள் எச். டி. சியாங் என்ற சீன எழுத்தாளருடையவை. ஆற்றல் மிக்க இசை. ஆனால் எந்தத் தொழிலாளிக்காக எழுதப்பட்டதோ அவர் அதைப் பாட முடியாது, முணுமுணுக்கவும் முடியாது. இந்த முரண் அந்த வட்டத்தில் எல்லோரையும் வாட்டியது. யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விக்குக் குவார்டெட்டிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு பிள்ளைகள்: மைக், பெகி, பார்பரா. 1943இல் பென்னி. சார்ல்ஸுக்கு அரசு வேலை கிடைத்ததால் வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். சம்பளம் போதவில்லை, ரூத் பியானோ வகுப்புகள் எடுத்தார். நவீன இசையில் சார்ல்ஸின் நம்பிக்கையே மாறிப்போயிருந்தது. ரூத்துக்குத் தன் மேல் எப்போதும் இருந்த ஐயமும் சேர்ந்துகொண்டது. 1926இல் எழுதிய வயலின் சொனாட்டாவின் பிரதியைத் தன் கையாலேயே எரித்தார், கூடவே தன் கவிதைகளையும். சிகாகோ நாட்களில் அவரிடம் சிறுமியாகப் படித்த விவியன் ஃபைன், பின்னாளில் தானும் இசையமைப்பாளரானவர், ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார். அதனால்தான் 1980களில் அந்தச் சொனாட்டா மீண்டும் கேட்கக் கிடைத்தது.

ஒரே ஒருவரைக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாகப் போய்விட முடியாது. வறுமை, அரசியல், பிள்ளைகள், கணவரின் மனமாற்றம், தன் ஐயம், யாரும் புதிய படைப்பைக் கேட்டு எழுதவைக்காத சூழல், எல்லாம் ஒரே திசையில் தள்ளின. ஆனால் அதே வறுமையும் அரசியலும் அவர்கள் வட்டத்து ஆண்களையும் தள்ளின. அவர்களில் பலருக்கு எழுத மேசையும் நேரமும் மிஞ்சின. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

வாஷிங்டனில் அவருக்கு அமைந்த வேலை வேறு. ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு சிறைகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் போய்ப் பாடல்களைத் தட்டில் பிடித்து வந்தார்கள். அவை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்தன. அவற்றிலிருந்து ஒரு நூல் கொண்டுவர, கேட்டு இசைக்குறிப்பாக எழுத ஒருவர் வேண்டியிருந்தது. ரூத் ஏற்றார். ஒரு பாட்டை எத்தனையோ முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பார். பாடகர் ஒரு சுரத்தை முழுதாகவும் இல்லாமல் அரையாகவும் இல்லாமல் இடையில் பிடித்தால் அதை எப்படி எழுதுவது? ஓர் அடியில் நான்கு எண்ணிக்கை, அடுத்த அடியில் ஐந்து வந்தால், அதை நான்காகத் திருத்துவதா? மூன்றாம் சரணத்தில் மெட்டு மாறினால் எது அசல்? படித்த இசைக்காரர்கள் இவற்றைப் பாடகரின் பிழை என்று கருதித் திருத்திவிடுவார்கள். ரூத் திருத்தவில்லை. பகைச் சுரத்தையும் ஒழுங்கற்ற தாளத்தையும் இயல்பென்று ஏற்ற செவி அது. பாடகர் பாடியதில் ஐந்து எண்ணிக்கை இருந்தால் அவர் எழுத்திலும் ஐந்து இருந்தது.

நூல் தாமதமானது. லோமாக்ஸ்கள் பொறுமையிழந்தார்கள். அவர் விடவில்லை. ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ 1941இல் வந்தது. அதற்கு அவர் எழுதிய முன்னுரை தனி நூல் அளவுக்கு வளர்ந்துவிட்டதால், சுருக்கம் மட்டுமே சேர்க்கப்பட்டது. அந்த நெடிய ஆய்வு லாரி பொலான்ஸ்கியும் ஜூடித் டிக்கும் பதிப்பித்து 2001இல்தான் வெளிவந்தது. அவர் இறந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து.

அவருடைய கேட்டெழுதும் நுட்பம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கென்டக்கியில் பில் ஸ்டெப் என்ற ஃபிடில் வாத்தியக்காரரை ஆலன் லோமாக்ஸ் 1937இல் பதிவு செய்தார். ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’ என்ற அந்த மெட்டை மற்றவர்கள் நிதானமான நடையில் வாசிப்பார்கள், ஸ்டெப் துள்ளலாக, தன் பாணியில் வாசித்தார். ரூத் அதைத் துல்லியமாக எழுதினார். ஏரன் காப்லாந்து 1942இல் ‘ரோடியோ’ பாலேவுக்கு இசையமைத்தபோது, அந்த அச்சிட்ட குறிப்பிலிருந்து மெட்டை எடுத்துக்கொண்டார். அதுதான் ‘ஹோ-டவுன்’. பின்னாளில் தொலைக்காட்சி விளம்பரங்கள் வரை ஒலித்து, அமெரிக்க இசை என்றாலே நினைவுக்கு வரும் துண்டுகளில் ஒன்றானது. காப்லாந்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெப்பின் பெயர் சிலருக்குத் தெரியும். நடுவில் இருந்து எழுதியவரின் பெயரை இந்த அரங்கிலாவது சொல்லிவைப்போம்.

நாட்டுப்பாடலை எப்படிப் பாட வேண்டும் என்று அவர் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உணர்ச்சி காட்டுவதற்காகக் குரலை ஏற்றி இறக்காதீர்கள், முடிவில் வேகத்தைக் குறைத்து நாடகமாக்காதீர்கள், பாட்டு அதன் போக்கில் ஓடட்டும் என்கிறார். ஒலியின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கிய ஆண்டாந்தேயை எழுதியவர் இப்படிச் சொல்கிறார். முரண்போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. உரப்பு என்பது மெட்டின் மேல் தெளிக்கும் அலங்காரம் அல்ல, அதற்குத் தனிப் பொருள் உண்டு என்று அறிந்தவர்தான், தேவையில்லாத இடத்தில் அதைத் தொடாதே என்றும் சொல்ல முடியும்.

1940களில், மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் பெற்றோர்களே சேர்ந்து நடத்திய மழலையர் பள்ளியில் அவர் பாட்டு சொல்லிக்கொடுத்தார். அந்த அனுபவத்திலிருந்து 1948இல் ‘குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டுப்பாடல்கள்’ வந்தது. பாட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதன் செருப்பையும் சட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம், சொற்களை மாற்றலாம் என்றார். தொடர்ந்து விலங்குப் பாடல்கள், கிறிஸ்துமஸ் பாடல்கள் என்று மேலும் இரண்டு தொகுப்புகள் செய்தார்.

ரூத்தின் வீட்டோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கடையில் சிறுமி பெகி தொலைந்துபோனாள். அங்கே வேலை செய்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண்மணி அவளைக் கண்டெடுத்துத் தாயிடம் சேர்த்தார். அந்த அறிமுகத்தால் சீகர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே கிட்டாரைக் கைவிட்டிருந்தவர், அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய கிட்டாரை ஒருநாள் எடுத்து இடதுகைக்காரராகத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். சிறு வயதில் தான் இயற்றிய ‘ஃபிரெயிட் டிரெயின்’ பாட்டைப் பாடினார். பின்னாளில் மைக் அவரைப் பதிவு செய்தார், உலகம் அறிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள், இருவரும் தங்கள் சொந்த இசையை இடையில் கைவிட்டவர்கள். ஒருவர் வீட்டுக்கு உரிமையாளர், மற்றவர் அங்கே கூலிக்கு வேலை செய்பவர் என்ற வேறுபாட்டையும் மறக்கக் கூடாது.

1948இல் இசையமைப்பாளர் எட்கார் வரேஸுக்கு எழுதிய கடிதத்தில், கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாகத் தான் போகும் பாதை பிரதான சாலையா, சுற்றுவழியா என்று தனக்கே தெரியவில்லை என்று ரூத் ஒப்புக்கொண்டார். அவருக்கே முடிவாகாத ஒன்றை நாம் அவர் சார்பில் முடிவுசெய்துவிட வேண்டாம்.

1952இல் மீண்டும் எழுதினார். ஐந்து காற்று வாத்தியங்களுக்கான ஒரு சூட். இருபது ஆண்டு இடைவெளியின் துரு அதில் இல்லை. ஒரே சொற்றொடர் விடாப்பிடியாகத் திரும்பத் திரும்பச் சுழல்கிறது, அதன் மேல் மற்ற குரல்கள் முரண்டு பிடிக்கின்றன. வாஷிங்டனில் நடந்த ஒரு போட்டியில் பரிசும் பெற்றது. இனி மீண்டும் வேலை செய்யப்போகிறேன் என்று நண்பர்களான ரகிள்ஸ் தம்பதிக்கு எழுதினார். தாத்தாவைப் போலத் தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்தால் இன்னும் 48 ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்கும் போட்டார்.

அடுத்த ஆண்டே குடல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 1953 நவம்பர் 18. வயது 52.

1960இல் இசையமைப்பாளர் ஜார்ஜ் பெர்ல் குவார்டெட்டின் கட்டமைப்பைப் பற்றி எழுதினார். 1973இல் கம்போசர்ஸ் குவார்டெட் குழுவின் இசைத்தட்டு வந்தது. அதன் பிறகுதான் இளைய தலைமுறை இசையமைப்பாளர்கள் இதைத் தேடி வாசித்தார்கள். ஆய்வு நூல்கள் 1980களிலும் 90களிலும் வந்தன. ஜூடித் டிக்கின் வாழ்க்கை வரலாறு 1997இல் வெளியானது. ஆங்கிலம் படிக்கக்கூடியவர்கள் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

இப்போது ஆண்டாந்தேயை ஒலிக்கவிடச் சொல்கிறேன். சுமார் நான்கு நிமிடம். எந்த வாத்தியம் மெட்டு வாசிக்கிறது என்று தேட வேண்டாம். எது பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் தொடர்ந்து போங்கள். தாழ்ந்த சுரங்களில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறும். உச்சியில் நான்கும் சேர்ந்து வெடிக்கும், பிறகு வேகமாகச் சரியும். அது முடிந்ததும் நான்காம் பகுதியையும் கேட்போம். அதற்கு மட்டும், தாளம் போடத் தெரிந்தவர்கள் வயலினின் சுரங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கேள்விகளை அதற்குப் பின் எடுத்துக்கொள்வோம்.